மின்கிதார் இசைஞர் சார்லி கிறிஸ்டியன்

மாந்தர் மறைந்த பின்னர் அவர்தம் பெயர் நிலைபெறும் வகைகள் பலவாம். மன்னர் பெயர் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பெறுகின்றது. புலவர் பெயர் நூலில் வாழ்கின்றது. அறிவியலார் பெயர் அவர் கண்ட விதிக்கு இடப்பெறுகின்றது. காந்தமும் செப்புக்கம்பியும் கொண்டமைந்த சிறு கருவியொன்றுக்குத் தம் பெயர் வழங்கப்பெற்ற பேறு, சார்லி கிறிஸ்டியன் என்னும் அமெரிக்க இசைஞர்க்கு வாய்த்தது. அக்கருவியை அவர் ஆக்கினாரல்லர், விற்றாருமல்லர். அது பொருந்திய கிதாரை வாசித்தார், அவ்வளவே. 1942-ஆம் ஆண்டில், இருபத்தைந்தாம் அகவையில், அவர் மறைந்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், அவர் காலத்து ஒலியை நாடுவோர் இன்ன பருமனுள்ள கம்பி, இன்ன காந்தம் என வரையறுத்துக் கைவினைஞரிடம் சொல்லிவைத்து அக்கருவியைச் செய்வித்துக்கொள்கின்றனர். இவ்வேட்கை எங்ஙனம் தோன்றிற்று என்பதனை அறிய விரும்புவோர் அவர் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

டெக்ஸஸ் மாநிலத்தைச் சார்ந்த பான்ஹம் என்னும் சிற்றூரில் 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் சார்லி பிறந்தார். அவர் சிறு குழவியாய் இருந்தபொழுதே குடும்பத்தார் ஒக்லஹோமா நகரிற் குடியேறினர். தந்தையார் இசையில் வல்லவர். ஆயினும், காய்ச்சலொன்றினாற் கண்ணொளி இழந்தவர். குடும்பம் வறுமையுற்றது. கண்ணில்லாத் தந்தையை மைந்தர் மூவரும் கைப்பற்றி அழைத்துச் சென்று, செல்வர் வாழும் தெருக்களில் பாடியும் இசைத்தும் காசும் பண்டமும் பெற்று வந்தனர். இளையவராகிய சார்லி முதலில் அவ்விசைக்கேற்ப ஆடுபவராய் இருந்தார்; பின்னர்க் கிதார் பயின்றார். அவருக்குப் பன்னிரண்டு வயது நிகழ்கையில் தந்தையார் காலமாயினர். மைந்தர்க்கு அவர் வைத்துச் சென்ற செல்வம் அவருடைய இசைக்கருவிகளே.

கறுப்பினத்துச் சிறார் பயிலும் டக்ளஸ் பள்ளியிற் சார்லி கல்வி கற்றார். அங்கே இசை கற்பித்தவர் ஸீலியா புரோ என்னும் அம்மையார். சாக்ஸபோன் என்னும் ஊதுகருவியைப் பயில வேண்டுமென்று சார்லி விழைந்தார். ஆசிரியையோ எக்காளம் பயிலுமாறு பணித்தார். எக்காளம் ஊதின் உதடு உருக்குலையும் என்று அஞ்சிய சிறுவர் அவ்வகுப்பை விட்டகன்று பேஸ்பால் ஆட்டத்தில் ஈடுபட்டார். அவ்வாட்டத்திலும் அவர் திறமுடையவரே. எனினும், இசை அவரை விடவில்லை. பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய நாவலாசிரியர் ரால்ப் எல்லிசன் அப்பள்ளியிற் பயின்றவர். கைத்தொழில் வகுப்பிலே சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு கிதார் செய்து சார்லி வாசித்த காட்சியை அவர் நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். பிறர் எறிந்த பெட்டியில் இசையைக் கண்ட கைகள் அவை.

அந்நாளில் ஜாஸ் இசைக்குழுவில் கிதாருக்கு உரிய இடம் யாது என்பதை ஈண்டு விளக்குதல் வேண்டும். வீணையொலியை அறிந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும். பறையும் கொம்பும் முழங்கும் அவையில் வீணை எடுபடுமோ? அங்ஙனமே எக்காளமும் சாக்ஸபோனும் முரசும் ஒலிக்கும் குழுவில் கிதாரின் தனிக்குரல் கேட்பார் செவியை எட்டுவதில்லை. ஆதலின், தாளத்திற்கு இயையத் தந்திகளை ஒருசேர மீட்டிப் பின்னணி அமைப்பதே பெரும்பாலும் கிதாரியின் பணியாயிற்று.

இக்குறையை நீக்க மின்னாற்றல் துணைசெய்தது. மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரிலிருந்த கிப்ஸன் நிறுவனத்தார் 1936-ஆம் ஆண்டில் ஈ.எஸ்.150 என்னும் மின்கிதாரை வெளியிட்டனர். கிதாரும் ஒலிபெருக்கியும் இணைப்புக் கம்பியும் சேர்த்து ஏறத்தாழ 150 டாலர் விலையாதலின் அவ்வெண் அதன் பெயராயிற்று. அதன் உயிர்நிலை, வால்ட்டர் புல்லர் என்பார் வகுத்த பிக்கப் என்னும் உறுப்பாகும். தந்திகளின் கீழே எஃகுத் தகடொன்று நிற்கும். அதனைச் சூழக் கம்பிச்சுருள் அமைந்திருக்கும். அடியிலே, கிதாரின் வயிற்றகத்தே, நீண்ட கனத்த எஃகுக் காந்தங்கள் இரண்டு கிடக்கும். அவற்றை மேற்பலகையோடு பிணைக்கும் திருகாணிகள் மூன்றின் தலைகள் புறத்தே தோன்றும். காந்தமானது தகட்டின் வழியே எஃகுத் தந்திக்கும் காந்தத் தன்மையை ஊட்டுகின்றது. தந்தி அதிருங்கால் சுருளினூடு செல்லும் காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றத்தாற் சுருளிற் சிறு மின்னழுத்தம் பிறக்கின்றது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்கித் தருகின்றது. மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்திற் கண்ட உண்மையே, நூறாண்டு கடந்து இசையரங்கு ஏறிற்று.

சார்லிக்கு இக்கருவி பெருந்துணையாயிற்று. இளமையில் தாம் விரும்பியும் பெறாத சாக்ஸபோனை அவர் மறந்தாரல்லர். லெஸ்டர் யங் என்னும் சாக்ஸபோன் கலைஞரின் இசை அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. மூச்சொன்றில் நீண்டு ஓடும் அவ்வின்னிசையைத் தந்தியில் எழுப்ப முயன்றார் சார்லி. கருவி முன்னரே உரத்து ஒலித்தமையின் விரல் வருந்தித் தாக்க வேண்டுவதில்லை. ஒற்றைத் தந்தியில், பெரும்பாலும் கீழ்நோக்கிய மீட்டினாலேயே, சுரங்களைக் கோவைபடத் தொடுத்து நீண்ட வாசகங்களைப் பேசலானார். கதவருகே நின்று கேட்போர், உள்ளே ஒலிப்பது கிதாரோ ஊதுகருவியோ என மயங்குமாறு அவ்வொலி அமைந்தது.

1939-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்பமாகும். மேரி லூ வில்லியம்ஸ் என்னும் இசைவாணி அவர் திறத்தை எடுத்துரைக்க, இசைவல்லாரைத் தேடிக் கண்டுபிடிப்பதிற் புகழ்பெற்ற ஜான் ஹம்மண்ட் ஒக்லஹோமா சென்று கேட்டு வியந்தார். அந்நாளிற் பெயர் ஓங்கிய கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனிடம் சார்லியைச் சேர்க்க முனைந்தார். குட்மனுக்கோ மின்கிதாரில் விருப்பமில்லை; முதற் சந்திப்பு பயனின்றிக் கழிந்தது. ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் மாலை, பெவர்லி ஹில்ஸ் நகரிலுள்ள விக்டர் ஹியூகோ உணவகத்திற் குட்மன் இசைக்கவிருந்தார். அவர் அறியாவண்ணம் சார்லியை மேடையில் அமர்த்தினார் ஹம்மண்ட். சினமுற்ற குட்மன், ஒக்லஹோமா இளைஞர் அறியார் என்று கருதி, ரோஸ் ரூம் என்னும் பாட்டைத் தொடங்கினார். சார்லியோ அதனை இளமை முதற்கொண்டு அறிந்தவர். தம் முறை வந்தபொழுது அவர் வாசித்தார், மீண்டும் வாசித்தார், ஒவ்வொரு சுற்றிலும் புதுமை சுரந்தது. நாற்பது நிமிடங்களுக்கு மேல் அவ்வொரு பாட்டே நிகழ்ந்தது என்பர். இரவொன்றுக்கு இரண்டரை டாலர் பெற்று வந்தவர், வாரத்திற்கு 150 டாலர் பெறும் நிலையை எய்தினார்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் அமர்தல் அரிதாயிருந்த நாள் அது. பயணங்களில் உண்டிச்சாலைகளும் விடுதிகளும் கறுப்பினத்தார்க்குக் கதவடைத்தன. அத்தகைய நாளில், தம் கிதாரைப் பின்வரிசையினின்று முன்வரிசைக்குக் கொணர்ந்த இருபத்து மூன்று வயது இளைஞரின் செயல் சிறிதன்று. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கு நகரத்துக் கார்னகி மன்றத்திலும் அவர் இசை ஒலித்தது. 1941 மார்ச்சுத் திங்களில் இசைத்தட்டிற் பதிவான சோலோ பிளைட் என்னும் ஆக்கத்தில், முழு இசைக்குழுவும் பின்னணி அமைக்கக் கிதாரே தலைமை தாங்கிற்று. பின்னணிக் கருவி தலைக்கருவியாயிற்று.

குட்மனுடன் வாசித்து முடித்த இரவுகளிலும் அவர் ஓய்ந்தாரில்லை. ஹார்லம் பகுதியில் 118-ஆம் தெருவிலிருந்த மிண்டன்ஸ் என்னும் விடுதிக்குச் சென்று, தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க் முதலிய இளங்கலைஞரோடு விடியுமளவும் புதுவழிகளைத் தேடினார். பின்னாளிற் பீபாப் எனப் பெயர்பெற்ற இசைமுறை அவ்விரவுகளிற் கருக்கொண்டது. ஜெரி நியூமன் என்னும் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் தட்டுப் பதிவுக் கருவியொன்றைச் சுமந்து சென்று, 1941 மே மாதத்தில் அவ்விசையைப் பதிந்து வைத்தார். அம்மாணவர் அம்முயற்சி எடாதிருப்பின், அவ்விரவுகளில் சார்லி தடையின்றி வாசித்த நீண்ட இசைகள் காற்றோடு போயிருக்கும். மாணவராகிய நாம் இதனை நினைவிற் கொள்ளல் தகும்.

அத்தனை இரவுகளின் விலையை உடல் செலுத்திற்று. காசநோய் முன்னரே அவரைப் பற்றியிருந்தது. 1940-ஆம் ஆண்டிலேயே மருத்துவமனை சேர்ந்து மீண்டார். 1941 ஜூன் மாதத்தில் நோய் முற்ற, இசைப்பயணத்தை இடையிற் கைவிட்டு, ஸ்டேட்டன் தீவிலுள்ள ஸீவியூ மருத்துவமனையில் அனுமதிக்கப்பெற்றார். குட்மனுடன் அவர் இசைத்த காலம் இருபத்திரண்டு திங்களே. 1942 மார்ச்சு 2-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். உடல் பிறந்த ஊராகிய பான்ஹமில் நல்லடக்கம் செய்யப்பெற்றது. மறு ஆண்டிலே, 1943-ல், காசநோயை எதிர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1951, 1952-ஆம் ஆண்டுகளில் ஐசோனியசிட் என்னும் மருந்து நோயாளருக்குக் கொடுத்து ஆராயப்பட்டதும், எழ இயலாது கிடந்தோர் எழுந்து நடமாடியதும் அதே ஸீவியூ மருத்துவமனையிலேயே. பத்தாண்டு தாமதித்து நோயுற்றிருப்பின் அவர் பிழைத்திருப்பார் என எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது.

அவர் மறைந்த பின்னர், புல்லர் வகுத்த அப்பிக்கப் சார்லி கிறிஸ்டியன் பிக்கப் என்றே வழங்கலாயிற்று. கிப்ஸன் நிறுவனத்தார் அவ்வமைப்பைச் சில ஆண்டுகளே செய்து, வேறு வகைகளை நாடினர். ஆகவே பழங்கருவிகள் அரியவாயின. பழைய ஒலியை வேண்டுவோர் இன்று கைவினைஞரை நாடுகின்றனர். கம்பியின் பருமன் முதற்கண் வரையறுக்கப்பெறும். தொடக்ககாலச் சுருள் 38-ஆம் அளவுக் கம்பியாற் சுற்றப்பட்டது. பிற்காலத்தார் பெரிதும் கையாள்வது 42-ஆம் அளவு. எண் மிக மிகப் பருமன் குறையும். பருத்த கம்பியாதலின் சுற்றுகள் குறைவு. மின்தடையும் 2,500 ஓம் அளவினதே. பிற்காலச் சுருள்கள் பலவற்றில் அது 7,000 அல்லது 8,000 ஓம் ஆகும். சுற்றுக் குறைந்தமையாற் சுரத்தின் தெளிவு மழுங்குவதில்லை; கழுத்தருகே அமைந்தமையால் ஒலி இனிமை குன்றுவதுமில்லை. சுழலும் அச்சில் கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றுவார் பலர். அங்ஙனம் சுற்றுங்கால் அடுக்குகள் எந்திரத்தின் சீர்மையின்றிச் சிதறி அமைதலின், அவற்றிடையே மின் தேங்குதல் குறைந்து ஒலி மேலும் விளக்கமுறும் என்பது அவர்தம் கருத்து.

செய்விப்போர் தம் கிதாரின் தந்திகளையும் கைவினைஞர்க்கு உரைத்தல் இன்றியமையாதது. அந்நாளில் மூன்றாம் தந்தி மெல்லிய எஃகின்மேற் கம்பி சுற்றியதாய் இருந்தது; இரண்டாம் தந்தியோ வெறும் எஃகு. ஆதலின் இரண்டாம் தந்தி ஏனையவற்றினும் மிகுதியாய் ஒலித்தது. அம்மிகுதியை அடக்க, தகட்டில் அத்தந்திக்குக் கீழே சிறு பள்ளம் வெட்டினர். இந்நாளிற் பலர் மூன்றாம் தந்தியையும் வெறும் எஃகாகப் பூட்டுகின்றனர். அவர் பழைய அளவை அவ்வாறே பின்பற்றின், இரண்டாம் தந்தி அடங்க, மூன்றாம் தந்தி ஓங்கி இசைவு கெடும். முன்னோர் செய்ததன் காரணத்தை அறியாது வடிவை மட்டும் பின்பற்றுவோர்க்கு நேரும் இடர் இதுவே.

அற்றேல், பழைய சுருளை நாடுதல் வீண் முயற்சியோ எனின், அன்று. சார்லி எவ்வொலியைக் கேட்டு அடுத்த சுரத்தைத் தேர்ந்தாரோ அவ்வொலியை நம் செவிக்கு அண்மையிற் கொணர்வது அது. கம்பியை அளந்து பெறலாம். காந்தத்தைச் சொல்லிவைத்துப் பெறலாம். சுருட்டுப் பெட்டியிலும் இசை தேடிய வேட்கையையும், ஓரிரவும் வீணாக்காத உழைப்பையும் எக்கைவினைஞரும் சுற்றித் தர இயலாது. அவற்றை ஒவ்வொருவரும் தம் கையாலேயே சுற்றிக்கொள்ளல் வேண்டும்.

பின்னணியில் அமர்ந்திருக்கப் பணிக்கப்பெற்ற கருவியைக் கொண்டு தம் குரலை உலகம் கேட்கச் செய்தவர் சார்லி. 1990-ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்திலும் அவர் பெயர் ஏறிற்று. ஒரு தாலந்து பெற்றவன் அதனை மண்ணிற் புதைத்த வரலாற்றை நாம் அறிவோம். இருபத்திரண்டு திங்களே பெற்ற இவ்விளைஞர் அவற்றுள் ஒன்றையேனும் புதைத்தாரில்லை. கல்லூரியில் நாம் பெறும் திங்கள்கள் அதனினும் பல.