பல் வைத்த தண்டவாளம்: ரிக்கன்பாக்கின் கதை

அஜைலா, லீனா என்று உங்க ப்ராஜெக்ட் டீமில் சண்டை நடக்குதா? அதைக் கொஞ்சம் நிறுத்திட்டு, நம்ம ஊட்டி மலை ரயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுவிஸ் மெக்கானிக்கின் கதையைக் கேளுங்க. ஸ்க்ரம், கான்பான் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாடி வாழ்ந்தவர். ஆனா இந்த ரெண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் அவர் வாழ்க்கையில் பளிச்சுனு தெரியும்.

நிக்லாஸ் ரிக்கன்பாக் பிறந்தது 1817-ல், அல்சாஸ் பகுதியில். பட்டறையில் தொழில் கற்றவர், பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். பிறகு ஜெர்மனியில் ரயில் இன்ஜின் தொழிற்சாலை, அதன்பின் சுவிட்சர்லாந்தின் ஓல்டன் ஊரில் ரயில்வே பணிமனைத் தலைவர். அங்கேதான் அந்தத் தொல்லை. பக்கத்து மலைப்பாதையில் ஏறும்போது இன்ஜின் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்தது. இரும்பு மேல் இரும்பு, பிடிமானம் எங்கிருந்து வரும்? இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஓர் இரும்பு ஏணியைப் படுக்கப் போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம் வைத்து, அது ஏணிப்படிகளைப் பிடித்து ஏறட்டும் என்றார். 1863-ல் பிரான்சில் காப்புரிமையும் வாங்கினார். பல வருஷம் யாரும் சீண்டவில்லை.

கடைசியில் ரிகி மலை கிடைத்தது. உச்சி வரை ஒரே மூச்சில் போடவில்லை. லுசெர்ன் மாநில எல்லை வரைக்கும்தான் அனுமதி, அதனால் அதுவரை மட்டும் போட்டு 1871 மே 21-ல் ரயிலை ஓட்டிவிட்டார்கள். அன்று அவருக்கு 54-வது பிறந்தநாள். உச்சிக்கு ரயில் போனது 1873-ல்தான். முதல் இன்ஜின்களில் பாய்லர் செங்குத்தாக நின்றது. ஓடவிட்டுப் பார்த்த பிறகு, பின்னாளில் அதையும் மாற்றினார்கள்.

நம்ம பாஷையில் சொன்னா, பாதி மலைக்கு ஒரு ரிலீஸ், உச்சிக்கு இன்னொரு ரிலீஸ். 2001-ல் 17 பேர் அமெரிக்காவில் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் சாரமும் இதுதான்: ஓடுகிற ஒன்றைச் சீக்கிரம் கையில் கொடு, பார்த்துத் திருத்து. ரிக்கன்பாக் கொள்கைக்காக அப்படிச் செய்யவில்லை, அனுமதி அவ்வளவுதான் இருந்தது என்பது வேற விஷயம்.

1882-ல் அரசு அழைத்து அவர் குன்னூருக்கு வந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ரயில் விட மதிப்பீடும் கொடுத்தார். பணம்தான் சேரவில்லை. 1885-ல் ஒரு கம்பெனி, 1891-ல் முதல் மண்வெட்டு, 1894-ல் கம்பெனி திவால், 1896-ல் புதுக் கம்பெனி. இந்தத் தாமதத்துக்கு எந்த மெத்தடும் மருந்தில்லை.

இதற்குள் ரோமன் அப்ட் வந்துவிட்டார். ஓல்டன் பணிமனையில் ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த இளைஞர். குருவின் ஏணியைப் பார்த்து அவர் கேட்டது லீன் கேள்வி: இதில் எது இல்லாவிட்டாலும் வண்டி ஏறும்? ஏணி கனம், செய்ய செலவு, வளைவில் வளைப்பது பெரும் பாடு. அப்ட் படிகளையே தூக்கிவிட்டார். பல் வெட்டிய இரண்டு பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம். எந்த நொடியிலும் பிடி விடாது. சரிவு அதிகமுள்ள இடத்தில் மட்டும் பட்டை, மற்ற இடத்தில் சாதா தண்டவாளம் என்றும் அவர் முறையில் பாதை போடலாம். வீண் என்று தெரிந்ததை வெட்டுவது என்ற இதே புத்தியைத்தான் பின்னாளில் டொயோட்டா ஒரு முறையாக வளர்த்தது. அங்கிருந்து சாஃப்ட்வேருக்கு வந்தது.

208 வளைவுகள் உள்ள நீலகிரிப் பாதைக்கு அப்ட் முறைதான் தேர்வானது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும் பட்டை. மலை ரயிலை நிரூபித்துக் காட்டியவரின் ஏணி இங்கே வரவே இல்லை. ஆனா ஒன்று கவனிங்க: ரிகியில் ஒரு ரயில் ஓடியிருக்காவிட்டால் அப்ட் எதைக் குறைத்திருப்பார்? என்ன வேணும்னே தெரியாத டீமுக்கு லீன் முதலில் உதவாது என்று நான் சொல்வது இதனால்தான். வெட்டுவதற்கு முதலில் ஏதாவது ஓடணும். அதே சமயம், மூணாவது ஸ்பிரிண்டிலும் யாரும் தொடாத டேஷ்போர்டைச் சுமந்துட்டுப் போற டீமுக்கு அப்ட் மாதிரி ஒருத்தர் கட்டாயம் வேணும்.

1899 ஜூனில் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம், ஜூலை 25-ல், ஓல்டனில் ரிக்கன்பாக் இறந்தார். வயது 82. ஊட்டிக்கு ரயில் போக 1908 ஆனது. இங்கேயும் ரெண்டு ரிலீஸ்தான்.

அடுத்த தடவை குன்னூர் ஸ்டேஷனில் நின்றால் தண்டவாளத்தின் நடுவே பாருங்க. அங்கே இருக்கும் இரட்டைப் பட்டை அப்ட்டோடது. ரிக்கன்பாக்கின் ஏணியைப் பார்க்கணும்னா ரிகிக்குத்தான் போகணும், அங்கே இன்னிக்கும் அதைப் பிடித்துத்தான் ரயில் ஏறுது.