32 வயது வாழ்க்கை, ஒரு முயல் கணக்கு: கிராஃபியன் ஃபாலிக்கிள் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார்?

பிளஸ் டூ விலங்கியல் படித்தவர்களுக்கு கிராஃபியன் ஃபாலிக்கிள் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். சினைப்பைக்குள் முட்டையைத் தாங்கி வளரும், திரவம் நிறைந்த குட்டிப் பை அது. கால்நடை மருத்துவர் பசுவுக்கு ஸ்கேன் பார்க்கும்போது திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிவதும் இதுதான்.

இந்தப் பெயர் ரெய்னியர் டி கிராஃப் என்ற டச்சு மருத்துவருடையது. இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, அவர் அந்தப் பையையே முட்டை என்று நினைத்தார். அப்புறம் எப்படி அவர் பெயர் நிலைத்தது?

யார் இவர்?

1641 ஜூலை 30 அன்று ஹாலந்தின் ஸ்கூன்ஹோவன் ஊரில் பிறந்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். யான் ஸ்வாமர்டாம், நீல்ஸ் ஸ்டெனோ ஆகியோரும் அதே காலத்தில் அங்கே படித்தவர்கள். இந்த இரண்டு பெயர்களும் கதையில் திரும்ப வரும்.

மாணவராக இருந்தபோதே டி கிராஃப் கவனம் பெற்றுவிட்டார். உயிருள்ள நாயின் கணையக் குழாயில் காட்டு வாத்து இறகின் தண்டைச் செருகி, கணைய நீரைத் தனியாகச் சேகரித்தார். 1664-ல் அதைப் பற்றி எழுதியபோது அவருக்கு வயது 23.

பட்டத்தை பிரான்ஸின் ஆஞ்ஜே நகரில் வாங்கிக்கொண்டு, டெல்ஃப்ட் நகரில் மருத்துவராகத் தொழில் தொடங்கினார். திறமை இருந்தும் பல்கலைக்கழகப் பதவி கிடைக்கல. புராட்டஸ்டன்ட் நாட்டில் அவர் கத்தோலிக்கர். ஆய்வையெல்லாம் சொந்த முயற்சியில்தான் செய்தார்.

அதுவரை என்ன நினைத்தார்கள்?

கோழி, மீன், பாம்பு முட்டையிடுவது எல்லோருக்கும் தெரியும். பசு, ஆடு, பெண்? குட்டி போடும் உயிரினங்களில் பெண்ணின் பங்கு என்ன என்பதில் குழப்பம் இருந்தது. ஆண் தருவது விதை, பெண் அதை வளர்க்கும் நிலம் என்ற பழைய எண்ணம் பலமாகவே இருந்தது. இன்று சினைப்பை என்று சொல்லும் உறுப்பை அப்போது பெண்ணின் விதைப்பை என்றே அழைத்தார்கள்.

ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வியே இதில் தடுமாறினார். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் பூங்கா மான்களை, இனச்சேர்க்கைக்குப் பிறகு அறுத்துப் பார்த்தார். கருப்பையில் பல வாரங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த உறுப்புக்கு கரு உருவாவதில் வேலை இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1651-ல் அது புத்தகமாகவும் வந்தது.

முயலில் என்ன பார்த்தார்?

டி கிராஃப் மானை விட்டுவிட்டு முயலை எடுத்தார். இனச்சேர்க்கை முடிந்து அரை மணி நேரத்தில் ஒரு முயல், சில மணி நேரம் கழித்து இன்னொன்று, அடுத்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று எனப் பிரசவம் நெருங்கும் நாள் வரை வரிசையாக அறுத்துப் பார்த்தார்.

முதலில் சினைப்பையில் இருந்த உருண்டைகள் நிறம் மாறின. பிறகு சில உருண்டைகள் வெடித்துக் காலியாகின. மூன்றாம் நாள், கருக்குழாயிலும் கருப்பையின் முனையிலும் மிகச் சிறிய உருண்டைகள் கிடைத்தன. அவற்றை எண்ணினார். சினைப்பையில் எத்தனை உருண்டை காலியோ, அத்தனை கீழே இருந்தன. கணக்கு பொருந்தியது.

மாடு, செம்மறி ஆடு ஆகியவற்றின் சினைப்பைகளையும் பார்த்தார். உருண்டை வெடித்த இடத்தில் சதைப்பற்றான ஒரு கட்டி உருவாகியிருந்தது. இன்று நாம் மஞ்சள் திரள் என்று படிப்பது இதைத்தான். வயிற்றில் எத்தனை குட்டியோ, அத்தனை கட்டிகள். உருண்டைகளை வேகவைத்தும் பார்த்தார். உள்ளே இருந்த திரவம் கோழி முட்டையின் வெள்ளைக்கரு மாதிரியே கெட்டியானது.

1672-ல் இவை எல்லாம் புத்தகமாக வெளிவந்தன. பாலூட்டிகளும் முட்டையிலிருந்தே உருவாகின்றன, அந்த முட்டை பெண்ணிடமிருந்து வருகிறது என்பதற்கு அதுவரை யாரும் தராத அளவு சான்று அதில் இருந்தது.

எங்கே சறுக்கினார்?

இரண்டு இடங்களில். முதலாவது, உருண்டை முழுவதையும் முட்டை என்றார். அப்படியானால் குழாயில் கிடைத்தவை ஏன் அவ்வளவு சிறியவை? உருண்டையில் இருக்கும் மற்ற பொருள் பின்தங்கிவிடுகிறது என்று அவரே விளக்கினார். உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டார். எதிர்ப்பாளர்கள் விடல. அவ்வளவு பெரிய உருண்டை அந்தக் குறுகிய குழாய்க்குள் எப்படிப் போகும் என்று கேட்டார்கள்.

இரண்டாவது, இனச்சேர்க்கை நடந்தால்தான் உருண்டை வெடிக்கும் என்று நம்பினார். முயலுக்கு அது சரி. அதனால்தான் அவருடைய மணிக்கணக்கும் வேலை செய்தது. ஆனா பசுவும் ஆடும் அப்படியில்லை. சேர்க்கை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவற்றின் சினைச்சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும்.

யார் முதலில்?

புத்தகம் வந்ததும் பிரச்சினையும் வந்தது. தானும் பேராசிரியர் வான் ஹோர்னும் முன்பே செய்த வேலையை டி கிராஃப் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்று பழைய லைடன் தோழர் ஸ்வாமர்டாம் குற்றம்சாட்டினார். விவகாரம் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனது.

அந்த நேரத்தில் டி கிராஃபின் வீட்டிலும் நிம்மதி இல்லை. 1672-ல்தான் திருமணம் ஆகியிருந்தது. பிறந்த மகன் கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டான். 1673-ல் தன் தரப்பை விளக்கி ஒரு மறுப்பு நூல் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று இறந்தார். டெல்ஃப்ட்டின் பழைய தேவாலயத்தில் அடக்கம் நடந்தது.

ராயல் சொசைட்டியின் முடிவு அதற்குப் பிறகே வந்தது. முதலில் சொன்னவர் என்ற பெருமை இருவருக்கும் இல்லை, ஸ்டெனோவுக்குத்தான். குட்டி போடும் ஒருவகைச் சுறாவை ஆராய்ந்து, பெண்ணின் விதைப்பை உண்மையில் முட்டைப்பைதான் என்று 1667-லேயே அவர் எழுதியிருந்தார்.

கடைசியாக எழுதிய ஒரு பரிந்துரை

இத்தனை சண்டைக்கு நடுவிலும் டி கிராஃப் செய்த ஒரு காரியம் அறிவியலின் போக்கையே மாற்றியது. 1673 ஏப்ரலில் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதி, உள்ளூர் துணி வியாபாரி ஒருவர் அருமையான நுண்ணோக்கிகள் செய்வதாக அறிமுகப்படுத்தினார். அந்த வியாபாரி, நுண்ணுயிர்களை உலகுக்குக் காட்டிய ஆண்டனி வான் லீவன்ஹூக்.

1677-ல் விந்தணுக்களைப் பார்த்த லீவன்ஹூக், உயிரின் தொடக்கம் அவற்றில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். டி கிராஃபின் முட்டைக் கருத்தை ஏற்க மறுத்தார். பதில் சொல்ல டி கிராஃப் உயிரோடு இல்லை.

இன்று தொழுவத்தில்

பசுவின் சினைச்சுழற்சி சுமார் 21 நாள். அதற்குள் ஃபாலிக்கிள்கள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளர்கின்றன. ஒவ்வொரு அலையிலும் பல பைகள் ஒன்றாகக் கிளம்பும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகும், மற்றவை சுருங்கிவிடும். கடைசி அலையில் முந்தும் பைதான் வெடித்து முட்டையை விடும். காலையில் சினை அறிகுறி தெரிந்தால் மாலையில் சினை ஊசி என்று சொல்வதெல்லாம் இந்த வெடிப்பு நேரத்தை வைத்துத்தான். நேரம் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் மூன்று வாரம்; கன்றும் பாலும் அந்த அளவு தள்ளிப்போகும்.

வெடிக்கும் நிலையில் பசுவின் ஃபாலிக்கிள் 15 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். உள்ளே உள்ள முட்டையோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். டி கிராஃப் தேடிய அந்த முட்டையை, பைக்குள்ளேயே வைத்து முதலில் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர். ஒரு நாயின் சினைப்பையில், 1827-ல். அதற்கு முன்பே 18-ம் நூற்றாண்டில் ஆல்பிரெக்ட் வான் ஹாலர், அந்தப் பைக்கு டி கிராஃபின் பெயரை வைத்துவிட்டார்.