அசோக மாமன்னரும் மன அடக்கமும்



மனம் சிறிது கலங்கினாலும் அதனை அக்கணமே அடக்கிவிட வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். அடங்காதபோது கலக்கத்தோடு வெட்கமும் சேர்ந்து சுமை இரட்டிப்பாகின்றது. நம் கோரமண்டலில் இக்குறையை அடிக்கடி கேட்கின்றேன். 2001ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் வீடு திரும்புவோர் நம்மில் பலர். நாளை என்னாகுமோ என்னும் அச்சமும், எதிலும் மனம் பற்றாத சோர்வும் அவர்களோடு பயணம் செய்கின்றன. அத்தகையோர்க்கு அசோகச் சக்கரவர்த்தியின் வாழ்க்கை நற்றுணையாகும்.

சந்திரகுப்த மௌரியரின் பேரரும் பிந்துசாரரின் மகனுமாகிய அசோகர், கி.மு. 268 அளவில் பாடலிபுத்திரத்தில் முடிசூடினார். உடன்பிறந்தார் 99 பேரைக் கொன்று அரியணை ஏறினார் என்று இலங்கை நூல்கள் கூறும். எனினும், அவர்தம் சாசனமே உடன்பிறந்தாரின் இல்லங்களைக் குறிப்பதால், அக்கதையை முற்றும் நம்புதற்கில்லை.

முடிசூடி எட்டாண்டு கழிந்தபின் அவர் கலிங்கத்தின்மேல் படையெடுத்து வென்றார். அப்போரில் 1,00,000 பேர் கொலையுண்டனர். 1,50,000 பேர் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டோர் அதனினும் பன்மடங்கினர். வெற்றி பெற்ற வேந்தனின் உள்ளமோ வாடியது. தமக்கு ஊறு நேராதவரும், தம் நண்பரும் சுற்றத்தாரும் பட்ட துன்பத்தால் வருந்துவரே என்றுகூட அவர் எண்ணி நைந்தார்.

போர்க்களத்திலேயே வாளை எறிந்து அந்நொடியே அறவோரானார் என்று கதை சொல்லுவோர் உளர். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. நம் கர்நாடகத்துப் பிரம்மகிரியிலுள்ள சாசனத்தில், தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுக்கு மேலாயிற்று என்றும், அதில் ஓராண்டு ஊக்கமின்றியே கழிந்தது என்றும், சங்கத்தை அணுகியபின் ஓராண்டுக்கு மேலாகவே மிக முயன்று வருவதாகவும் அவரே ஒப்புக்கொள்கின்றார். அம்முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டுமன்று, எளியோர்க்கும் கிட்டும் என்றும் அறிவிக்கின்றார். பேரரசன் ஒருவன் தன் தளர்ச்சியைக் குடிகள் அறியப் பாறையில் பொறித்தது எத்துணை அரிய செயல்!

இவ்விடத்தில் தங்கவயலார் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. அச்சாசனம் சுவர்ணகிரி, அதாவது பொன்மலை, என்னும் நகரிலிருந்த அரசகுமாரரின் வழியாக அனுப்பப்பட்டது. அசோகர் என்னும் பெயரையே தாங்கிய மஸ்கிச் சாசனத்தை 1915ஆம் ஆண்டில் கண்டவரும் தங்கம் தேடிச் சென்ற சுரங்கப் பொறியாளர் பீடன் என்பவரே. பொன்னைத் தேடியவருக்கு அறம் கிட்டியது.

நிற்க. அந்த வாட்டத்தை அசோகர் எங்ஙனம் ஆண்டார்? அதனை மறைக்கவுமில்லை, அதிலேயே மூழ்கிக் கிடக்கவுமில்லை. நாள்தோறும் செய்யத்தக்க சிறு செயல்களை மேற்கொண்டார். அரண்மனை மடைப்பள்ளியில் எண்ணிறந்த உயிர்கள் கொல்லப்பட்டு வந்ததை இரண்டு மயில், ஒரு மான் என்னும் அளவிற்குக் குறைத்தார். அவற்றையும் பின்னர் நிறுத்துவதாக உரைத்தார். வேட்டைப் பயணத்தை விடுத்து, பத்தாம் ஆட்சியாண்டில் போதிமரத்தை நாடிச் சென்று தரும யாத்திரையைத் தொடங்கினார். உண்ணும்போதும் பூங்காவில் இருக்கும்போதும் குடிகளின் குறை தம் செவிக்கு வரவேண்டுமென்று ஆணையிட்டார். கவலையைத் தள்ளிவைத்து வளர்க்காமல், அன்றன்று செய்யத்தக்கதைச் செய்து தணித்தார்.

கலிங்கத்துத் தௌலியில் அவர் தம் துயரைப் பொறிக்கவில்லை. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு ஆகியவற்றிற்கு இடங்கொடாது நீதி வழங்குமாறு அதிகாரிகளுக்குரிய கட்டளையையே பொறித்தார். சினமும் அவசரமும் இன்மையே இவற்றிற்கெல்லாம் வேர் என்றார். மனிதன் தன் நன்மையைக் காண்கின்றான், தீமையைக் காண்பது அவனுக்கு அரிது என்பதைத் தூண் சாசனத்தில் கூறினார். 1958ஆம் ஆண்டில் கந்தஹாரில் கிடைத்த கிரேக்கச் சாசனமோ, அடக்கமில்லாதார் தத்தமக்கு இயன்ற அளவில் அடங்கினர் என்கின்றது. இயன்ற அளவு என்னும் அச்சொல்லே நமக்கு ஆறுதல்.

அவரும் குறையற்றவரல்லர். மரண தண்டனையை ஒழித்தாரில்லை. மூன்று நாள் தவணை மட்டுமே அளித்தார். கி.மு. 232 அளவில் மறையுமட்டும் முயற்சியைக் கைவிட்டாருமில்லை.

யான் ஆலையில் தறியின்முன் நின்ற காலத்தில், இழை அறுந்தால் பதறி இழுப்பேன். பக்கத்து இழையும் அறும். தறியை நிறுத்தி முடிச்சிட்டு மீண்டும் ஓட்டுவதே தொழிலென்று பிறகு கற்றேன். மனமும் அத்தகையதே. கலக்கம் தோன்றியது தோல்வியன்று. அதனைக் கண்டு, நின்று, அடுத்த கடமையைத் தொடங்குவதே அடக்கம்.

இது சிறு கலக்கத்திற்கே உரியது. உறக்கமும் உணவும் பல வாரம் கெட்டு, வாழ்வே வேண்டாமென்று தோன்றுமாயின், தயங்காது மருத்துவரை அடைக. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் அமைத்து, மூலிகைகளை வரவழைத்து நடச்செய்தவர் அசோகர். மருந்தை நாடுவது அறத்திற்கு மாறன்று.

ஓராண்டு தளர்ந்தவரே உலகம் போற்றும் தருமாசோகரானார். ஆதலின் இன்று தளர்ந்தோர் நாளை முயல்க.

எல்லா உயிரும் நலம் பெறுக!