நிலம் அளந்த லாம்டன்

சென்னையின் தென்பால் பரங்கிமலை என்னும் சிறு குன்று ஒன்று உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கோடை வெயில் ஏறிவரும் நாளில், அக்குன்றை அடுத்த சமவெளியில் ஏவலர் சிலர் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றை மீண்டும் மீண்டும் கிடத்தி நிலத்தை அளந்துகொண்டிருந்தனர். அதனை மேற்பார்த்து நின்றவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர். பின்னர் இந்தியா முழுவதும் பரவிய பெருமுக்கோண அளவை அன்று அவ்விடத்தே தொடங்கிற்று.

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயர் நாட்டுப்புறத்தில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். கணிதத்தில் அவருக்கிருந்த வேட்கை பெரிது. படையிற் சேர்ந்து அமெரிக்கப் போருக்குச் சென்றார். 1781இல் யார்க்டவுனில் சிறைப்பட்டார். அதன்பின் கனடாவில் நெடுங்காலம் தங்கி நில அளவையிற் பழகினார். அங்கே சூரிய கிரகணம் ஒன்றைக் கூர்ந்து நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார் என்பர். எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே அவர் தென்னாடு முழுவதையும் அளந்தார்.

அவர் இந்தியாவுக்கு வந்தது 1790களின் பிற்பகுதியில். 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தானுக்கு எதிரான சீரங்கப்பட்டணப் போரில், இருளில் சென்ற ஆங்கிலப் படை ஒன்று திசை தவறிப் பகைவர் பாசறையை நோக்கி நடந்தது. விண்மீன்களைப் பார்த்த லாம்டன் பிழையை உணர்ந்து தளபதியிடம் கூறினார். தளபதி முதலில் நம்பவில்லை; பின்னர்த் திசைகாட்டியைப் பார்த்துப் படையைத் திருப்பினார்.

மைசூர் வீழ்ந்தபின் கீழைக் கடற்கரை முதல் மேலைக் கடற்கரை வரை கும்பினியாரின் ஆட்சி பரவியது. ஆயினும் வென்ற நாட்டின் அளவை வென்றவர் அறியார். இரு கரைகளையும் முக்கோணங்களால் இணைத்து அளக்கலாம் என்று லாம்டன் திட்டம் வகுத்தார். ஒரு கோட்டின் நீளத்தைப் பிழையின்றி அளந்துகொண்டால், அதன் இரு முனைகளிலிருந்து தொலைவிலுள்ள ஒரு குன்றைக் கோணமானியால் நோக்கி, அக்குன்றின் தொலைவைக் கணக்கிடலாம். ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். பூமியின் உண்மை வடிவை அறிய வேண்டும் என்பது லாம்டனின் ஆவல். கும்பினியாரோ அதற்காகப் பொருள் வழங்கவில்லை. படையை எவ்வழியிற் செலுத்துவது, எந்நிலத்திலிருந்து எவ்வளவு வரி தண்டுவது என்பனவே அவர்களுடைய கவலைகள்.

பரங்கிமலை அடிக்கோடு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுடையது. வெப்பத்தால் எஃகு நீளுமாதலால் வெப்பமானிகளை வைத்து, ஏறக்குறைய 400 முறை சங்கிலியைக் கிடத்தி அதனை அளந்தனர். கோணங்களை அளப்பதற்குரிய பெருங்கோணமானி அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுசென்றனர். எனினும், அறிவியற் கருவி என்பதையுணர்ந்து அங்கிருந்த ஆளுநர் அதனைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். பகைவர் காட்டிய இப்பெருந்தன்மை, சென்னை நிதி அலுவலர் சிலரிடம் காணப்படவில்லை. சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாற் போதுமே, அளவை எதற்கு என்று அவர்களுள் ஒருவர் எள்ளினாராம். மங்களூர் வரை அளந்து முடித்தபோது, முந்தைய படங்கள் 400 மைல் எனக் காட்டிய நிலப்பரப்பின் அகலம் 360 மைலே என்பது புலனாயிற்று. வென்ற நாட்டில் 40 மைல் படத்திலிருந்து மறைந்துபோயிற்று!

தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பிற மரங்களும் பார்வையை மறைத்தன. ஆகவே கோவில்களின் கோபுரங்களையே லாம்டன் அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தின்மீது பெருங்கோணமானியைக் கயிறுகட்டி ஏற்றினர். இடையில் கயிறு அறுந்தது. கருவி கற்சுவரில் மோதியது. மூன்றடி விட்டமுள்ள அதன் பித்தளை வட்டம் நெளிந்து கோணிற்று. மயிரிழையிற் பாதி பிழையையும் பொறாத கருவிக்கு இதனினும் பெரிய கேடு இல்லை. இனி அது பயன்படாது என்றே பலரும் கருதினர்.

லாம்டன் எவரையும் சினந்ததாகத் தெரியவில்லை. கூடாரம் ஒன்றில் புகுந்து, கைவினைஞர் சிலரைத் தவிர வேறெவரையும் உள்ளே விடாது, கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஆப்புகளாலும் திருகாணிகளாலும் கப்பிகளாலும் வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். ஆறு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. அக்கருவியைக் கொண்டே அளவை மேலும் தொடர்ந்தது.

குமரிமுனைக்கு அருகிலிருந்து வடக்கே பீதர் வட்டாரம் வரை, ஏறத்தாழ 10 பாகைத் தொலைவை அவர் அளந்தார். காய்ச்சலும் காடும் வழியெங்கும் வருத்தின. கொடி பிடித்தவரும், சங்கிலி இழுத்தவரும், அரை டன் கருவியைக் குன்றுதோறும் சுமந்தவரும் இந்நாட்டு மக்கள். அவருட் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம்.

1818இல் அவ்வளவை, இந்தியப் பெருமுக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டில் எவரெஸ்ட் என்பார் துணைவராக வந்து சேர்ந்தார். ஏறத்தாழ எழுபது வயதாகியும் லாம்டன் ஓயவில்லை. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்கு அளவைப் பணியோடு செல்லும் வழியில், இன்றைய மராட்டிய மாநிலத்திலுள்ள இங்கன்காட்டில், 1823ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் காலமானார். எவரெஸ்டின் பெயர் 1865இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. லாம்டனின் கல்லறை இங்கன்காட்டில் உள்ளது.