காசிக்குப் போன பாரதி

நம்ம தங்கச்சிமடம் வழியாகத்தான் காசி யாத்திரைக்காரர்கள் ராமேஸ்வரம் போகிறார்கள். அதே காசிக்கு 1898-ல் நம்ம தெற்குச் சீமையிலிருந்து படிக்கப் போனவர் மகாகவி பாரதி. அப்போது வயது 15.

அப்பா சின்னசாமி ஐயருக்கு இயந்திரத் தொழிலில் ஆர்வம். எட்டயபுரத்தில் அவர் தொடங்கிய பஞ்சாலை நொடித்துப் போனது. 1898-ல் அவரும் காலமானார். அம்மாவை 5 வயதிலேயே இழந்தாச்சு. முந்தின வருஷம்தான் செல்லம்மாளோடு கல்யாணம். கையில் காசு இல்லை. ஆதரவு கொடுத்தது காசியிலிருந்த அத்தை குப்பம்மாள்.

கங்கைக்கரையில் அனுமன் கட்டத்தில் அத்தை வீடு. தெருவில் இறங்கினால் இந்திதான். பயந்து மூலையில் உட்காரவில்லை. இந்தியும் சமஸ்கிருதமும் கற்று, அலகாபாத் சர்வகலாசாலை நுழைவுத் தேர்வில் தேறினார். மீசையும் தலைப்பாகையும் அங்கே வந்தவைதான். ஆசாரமான வீட்டில் முணுமுணுப்பு கிளம்பியது, அவர் அசரவில்லை.

சுமார் 4 வருஷம் கழித்து ஊர் திரும்பினார். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியர். அதே ஆண்டு சென்னை சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர். எத்தனை மொழி படித்தாலும் பேர் வாங்கியது தமிழில்தான்.

டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸுக்கு வடக்கே ரயிலேறப் போகிறவர்கள் நம்மில் உண்டு. பாஷை தெரியாதேன்னு தயங்காதீங்க. போற ஊர் பாஷையைக் கத்துக்குங்க. நம்ம பாஷையை விட்டுடாதீங்க!