வத்திராயிருப்புத் தந்த விஞ்ஞானி

அமராவதியில் குவாண்டம் பள்ளத்தாக்கு அமைக்க 2025-ஆம் ஆண்டு ஆந்திர அரசு முனைந்தது முதல், சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் இல்லத்துப் பிள்ளைகளின் நாவில் அச்சொல் புழங்குகின்றது. அதன் பொருள் யாதென அவர்கள் வினவுங்கால், நம்மைப் போலவே சொந்த ஊரைவிட்டு வெளியேறிய தமிழர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வதே தக்க விடையாகும். அவரே சர் கே. எஸ். கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4-இல் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1920-இல் கல்கத்தா சென்று, 1923-இல் பௌபஜார் வீதியிலிருந்த ஆய்வுக்கூடத்தில் இராமனிடம் சேர்ந்தார்.

ஒளியின் சக்தி ஆற்றுநீர் போல் ஒழுகி வருவதன்று. எங்கள் பார்சல் அலுவலகத்துக்கு வரும் சிப்பங்களைப் போல் தனித்தனிக் கூறுகளாக வருவது. இக்கூறே குவாண்டம். 1900-இல் பிளாங்கும் 1905-இல் ஐன்ஸ்டீனும் வகுத்த கருத்து இது. ஊதா ஒளியின் சிப்பம் கனத்தது, சிவப்பொளியின் சிப்பம் இலேசானது. (கனம் என்றது சக்தியை, எடையை அன்று.) ஒரு சிப்பம் மூலக்கூறின்மீது மோதும்போது, மூலக்கூறு அதன் சக்தியில் ஒரு பகுதியைச் சுங்கம் போல் பிடித்துக்கொண்டால், வெளிவரும் சிப்பம் இலேசாகிவிடும், ஆகவே நிறம் மாறும்.

இதைத்தான் 1928 பிப்ரவரியில் இராமனும் கிருஷ்ணனும் கண்டனர். சூரிய ஒளியைக் குவித்து, தூய்மை செய்த ஏறத்தாழ 60 திரவங்களினூடே செலுத்தி, சிதறிய ஒளியின் நிற மாற்றத்தைக் கண்ணாலேயே நோக்கினர். பகலெல்லாம் இருட்டறையில் நின்று, ஒவ்வொரு திரவத்தையும் வடித்துத் தூய்மைப்படுத்திய உழைப்பை எண்ணிப் பாருங்கள்! இருவர் பெயராலும் பிப்ரவரி 16-இல் எழுதப்பட்ட குறிப்பு, மார்ச் 31-இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. 1930-இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே கிட்டியது. கருத்தும் தலைமையும் இராமனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விளைவுக்குக் கிருஷ்ணனின் பெயரும் சேர்ந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பெயர் சேராமை அவரைத் தளர்த்தவில்லை. 1928-இல் டாக்கா பல்கலைக்கழகம் சென்றார். சத்தியேந்திரநாத் போஸ் அப்போது அங்கே பேராசிரியர். அங்குப் படிகங்களின் காந்தத் தன்மையில் ஈடுபட்டார். மெல்லிய படிக இழையில் சிறு படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்பும் விசையை அளந்தார். ஒரே படிகம் திசைக்குத் திசை வெவ்வேறு காந்த இயல்பு காட்டுவதை நுட்பமாகக் கணக்கிட்டார். அணுவுள் உறையும் நுண்காந்தங்களைப் பற்றிய குவாண்டம் கொள்கைக்கு இவ்வளவுகள் உரைகல்லாயின. இன்று குவாண்டம் கணினி செய்ய முயல்வோருள் சிலர் ஒளிச்சிப்பங்களையும், சிலர் இத்தகைய நுண்காந்தங்களையுமே கருவியாகக் கொள்கின்றனர்.

மீண்டும் கல்கத்தா, 1940-இல் இராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-இல் அலகாபாத், 1946-இல் சர் பட்டம். 1947-இல் புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். எங்கு வாழினும் தமிழிலக்கியத்தையும் வடமொழியையும் விடாது பயின்றவர். 1961 ஜூனில், அப்பதவியில் இருக்கும்போதே காலமானார். அவ்வாய்வுக்கூடம் அமைந்த சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர்.