நாதத்தின் நிறைவைத் தேடிய மேதை சர் சி. வி. ராமன்

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் பெங்களூர். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களில், ஓய்வு வேளையில் சிந்தசைசரும் கம்ப்யூட்டரும் வைத்து இசையமைப்பவர்களும் உண்டு. அத்தகையோருக்கு முதலில் தோன்றும் குறை ஒன்றே. கருவியில் பிறக்கும் ஒலி மெலிந்து, உயிரற்று இருக்கிறது. அதை எப்படி நிறைவுள்ள நாதமாக்குவது?

ஒரு நாதம் ஏன் நிறைவாக ஒலிக்கிறது என்பதை ஆராய்ந்த மேதை ஒருவர், எல்லைக்கு அப்பால் அதே பெங்களூரில் வாழ்ந்து மறைந்தார். அவர்தான் சர் சி. வி. ராமன். ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர் என்று அவரை உலகம் அறியும். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் ஒலியை ஆராய்ந்தார் என்பதைப் பலர் அறியார்.

வீட்டிலே சங்கீதம்

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர், வயலின் வாசிப்பவர். தாயார் பார்வதி அம்மாள். சிறு வயதிலேயே ராமனின் கைக்கு ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலி நூல் கிடைத்தது. மின்சாரத்தால் அதிரும் இசைக்கவைகள் பலவற்றின் ஒலியைச் சேர்த்து, உயிரெழுத்துகளின் ஓசையையே உண்டாக்கிக் காட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இன்றைய சிந்தசைசருக்கு அது மூதாதை எனலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் ராமன் 1904-ல் பி.ஏ.வும், 1907-ல் எம்.ஏ.வும் தேறினார். மேல்படிப்புக்குச் சீமைக்குப் போக அவருடைய மெலிந்த உடல் தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். சர்க்கார் நிதி இலாகாப் பரீட்சை எழுதி முதலாவதாகத் தேறினார். 1907-ல் வீணை வாசிக்கும் லோகசுந்தரியை மணந்து, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக உத்தியோகம் ஏற்றார்.

பகலில் கணக்கு, இரவில் நாதம்

கல்கத்தா பௌபஜார் வீதியில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. ஆராய்ச்சிக்கு ஆளில்லாமல் கிடந்த அந்தக் கூடத்துக்கு ராமன் உயிரூட்டினார். அலுவலகத்துக்கு முன் காலையிலும், பின் இரவிலும் அங்கே தந்திகளையும் தோல்களையும் அதிரச் செய்து ஆராய்ந்தார்.

1917-ல் கல்கத்தா பல்கலைக் கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சம்பளமோ சர்க்கார் சம்பளத்தைவிட மிகக் குறைவு. அந்த நாளில் நிதி இலாகா உத்தியோகத்தை யார் உதறுவார்கள்? ராமன் உதறினார்! பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் அவர் ஏற்கவில்லை. துணைவேந்தராக இருந்து புகழ் பெற்ற அசுதோஷ் முகர்ஜி தலையிட்டு, அந்த நிபந்தனையை விலக்கச் செய்தார்.

மிருதங்கமும் தம்புராவும்

வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் ஓர் அடிப்படை ஒலியும், அதன் மேல் பல துணை ஒலிகளும் எழும். அவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்ற மடங்குகளில் இருப்பதால் ஸ்வரமாக நிற்காமல் இரைச்சலாகிவிடும். மேல்நாட்டு நூல்கள் சொன்ன கணக்கு இது. அப்படியானால் மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகிறது?

ராமனும் அவருடைய மாணவர் சிவகாளி குமாரும் 1920-ல் விடை தந்தார்கள். வலந்தலையின் நடுவே பூசும் கரிய சோறுதான் காரணம். அந்தப் பாரம் தோலின் அதிர்வுகளை மாற்றி, துணை ஒலிகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளில் கொண்டு நிறுத்துகிறது. பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் காதாலேயே கண்டு வைத்திருந்த உண்மை அது!

மறு ஆண்டு தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்தார். ஒரு தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாத இரட்டைப்படைத் துணை ஒலிகள் எழக்கூடாது என்பது விதி. தம்புராவிலோ அவை ஓங்கி ஒலித்தன! தந்தி அதன் அகன்று வளைந்த குதிரையின் மீது உராய்ந்து உராய்ந்து அதிர்வதே காரணம். குதிரையில் செருகும் சிறு நூலை நகர்த்தி நகர்த்திப் பாடகர் தேடும் ஜீவன் இதுதான். வயலினை ஆராய, மனிதக் கை நடுக்கம் கலவாத யந்திரம் ஒன்றையும் ராமன் அமைத்தார். அதில் வில் நிற்கும், வயலின் நகரும்.

1921-ல் இங்கிலாந்து சென்று திரும்பும் வழியில், கடலின் நீல நிறம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. ஆனாலும் 1927-ல் வெளிவந்த ஜெர்மன் பௌதிகப் பெருங்கையேட்டில் அவர் எழுதியது இசைக்கருவிகளைப் பற்றித்தான்!

பெங்களூர் வாசம்

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். உள்பூசல்கள் மூண்டு, 1937-ல் அப்பதவியை விட நேர்ந்தது. பெங்களூரிலும் பழைய காதலை மறக்கவில்லை. 1934-ல் மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். 1948-ல் தம் பெயரிலேயே ஆராய்ச்சிக் கழகம் கண்டார். 1954-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21-ந் தேதி மறைந்தார். அவர் விரும்பியபடி கழகத்துத் தோட்டத்திலேயே அவரது உடல் தகனம் செய்யப்பட்டது.

அதே பெங்களூரில் 1970-களின் இறுதியில் மின்னணுத் தம்புரா பிறந்தது. இன்று சிந்தசைசர் வாசிப்போர் ஒலியைப் பருமனாக்கத் துணை ஒலிகளைக் கூட்டுகிறார்கள். இரண்டு ஆசிலேட்டர்களை ஒரே ஸ்வரத்தில் வைத்து, ஒன்றை மயிரிழை விலக்குகிறார்கள். தம்புராவின் சாரணை, அனுசாரணைத் தந்திகள் ஒரே ஸ்வரத்தில் நின்று செய்வதும் ஏறக்குறைய இதுவே. மெலிந்த ஒலியைக் கேட்டு மனம் சோரும் இளைஞர்கள், ஒருமுறை தம்புராவின் பக்கத்தில் அமர்ந்து கண்ணை மூடிக் கேட்கலாம்.